இருவருக்கும் வலி ஆறு

திங்கட்கிழமை காலை ஆண்கள் அறுவை வார்டில் நாற்பத்தொரு நோயாளிகளின் வலியையும் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் பூஜ்யம் வந்தது.

டாக்டர் மாஜிதா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வயிற்றைக் கிழித்துத் தைத்தவர்கள் பதினான்கு பேர். இடுப்பெலும்பு மாற்றியவர்கள் ஆறு பேர். கரும்பு பிழியும் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு மீதியோடு வந்தவர் ஒருவர். எல்லோருக்கும் பூஜ்யம். இவ்வளவு வலியில்லாத இடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று உண்டென்றால் அது ஊருக்கு வெளியே மதில் கட்டி வைத்திருக்கும் இடம்தான். அங்கேயும் புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் முனகுவார்கள் என்று கேள்வி.

அறுவை முடிந்தவர்களின் வலியைக் கவனிக்க அந்த மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்று இருந்தது. பெயர் பெரியது, ஆள் இரண்டு. மயக்க மருந்து டாக்டரான மாஜிதா, நர்ஸ் பிஷாரா. கூட ஒரு தள்ளுவண்டி. அதற்கு நான்கு சக்கரங்கள். மூன்று சொன்ன பக்கம் போகும். நான்காவதற்குச் சொந்தமாக ஒரு அபிப்பிராயம் உண்டு.

வேலை எளிமையானது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை உங்கள் வலி எத்தனை என்று கேட்க வேண்டும். நாலுக்கு மேல் சொன்னால் மருந்து, குழாய், நரம்பை மரக்கவைக்கும் ஊசி என்று அவரவருக்கு ஏற்றபடி செய்ய வேண்டும். பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு நூற்றிருபது தடவை ‘எத்தனை’ கேட்டு மாஜிதாவின் நாக்கு தேய்ந்திருந்தது. போன வாரம் தஅமிய்யா வடைக் கடைக்காரர், “எத்தன டாக்டரம்மா?” என்று கேட்டபோது அவள், “சும்மா இருக்கும்போதா, இருமும்போதா?” என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர் சற்று யோசித்து, “இருமும்போது நாலு போதும்” என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அன்றைய பூஜ்யத்துக்குக் காரணம் ஏழாம் கட்டிலும் எட்டாம் கட்டிலும்.

ஏழில் கனாயிம் வீட்டு ஹாஜி கலஃபல்லா. எட்டில் ஸவால்மா வீட்டு ஹாஜி ரஷ்வான். இரு வீட்டு நிலத்துக்கும் நடுவே ஒரு வாய்க்கால். அதில் யார் முறைக்கு யார் தண்ணீர் திறந்தார்கள் என்பதில் முப்பத்தொரு வருடப் பகை. இத்தனை வருடத்தில் உயிர்ச்சேதம் ஒரு கழுதை. அது தங்கள் கழுதைதான் என்று இரு வீட்டாரும் இன்றுவரை சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அதற்கு இருவருமே தீனி போட்டதில்லை. இரண்டு பெரியவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை இடையில் நிற்பவரிடம் சொல்வார்கள். யாரும் நிற்காவிட்டால் எருமையிடம் சொல்வார்கள்.

கட்டில் ஒதுக்கிய குமாஸ்தா கெய்ரோவிலிருந்து மாற்றலாகி வந்தவன். அவனுக்கு எல்லாப் பெயரும் ஒன்று. வார்டில் மற்ற முப்பத்தொன்பது பேரும் பெண் கொடுத்தோ எடுத்தோ இந்த வீட்டுக்கோ அந்த வீட்டுக்கோ வேண்டியவர்கள். எதிர் வீட்டார் காதுபடத் தன் வலியைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? கட்டிலை மாற்றலாம் என்றால் காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. அதில் கலஃபல்லாவைப் பார்க்க வந்த மைத்துனர் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை யாரோ தவறுதலாக அறுவைக்கு அழைத்துப் போக, அவருக்குக் குடலிறக்கம் இருப்பது தெரிந்து அதையும் சரிசெய்து கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டார்கள். அவருக்கும் பூஜ்யம்.

மாஜிதாவின் கவலை ஏழாம் கட்டில். கலஃபல்லாவுக்கு அறுபத்தேழு வயது. வெள்ளிக்கிழமை கரும்பு ஏற்றிய தண்டவாள வண்டியின் மேலிருந்து விழுந்து, இடப்பக்கம் இரண்டு விலா எலும்பில் விரிசல் விட்டு, மண்ணீரல் உடைந்து, அதை எடுத்தாயிற்று. நெஞ்சுக்குக் கீழிருந்து தொப்புள்வரை தையல். மூன்று நாளாக அவர் மூச்சை மூக்குநுனியிலேயே விட்டு மூக்குநுனியிலேயே வாங்கிக்கொண்டிருந்தார்.

“எத்தன, ஹாஜி?”

“பூஜ்யம். அல்ஹம்துலில்லாஹ்.”

மீசை நுனியிலிருந்து ஒரு வியர்வைத் துளி போர்வையில் விழுந்தது.

“கொஞ்சம் இருமுங்க பாப்போம்.”

“எதுக்கு? இருமல் வந்தா இரும மாட்டனா?”

பிஷாரா அவர் விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்து, “ஆக்சிஜன் எம்பத்தொம்போது. காய்ச்சலும் லேசா தொட்டிருக்கு” என்றான்.

மாஜிதா குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். “ஹாஜி, வலிக்குப் பயந்து நீங்க மேல் மூச்சாவே விட்டுட்டிருக்கீங்க. சளி உள்ளயே கட்டுது. இன்னும் ரெண்டு நாள் இப்படியே போச்சுன்னா நிமோனியா. அப்புறம் தொண்டையில குழாயப் போட்டு மெஷின்ல வைக்கணும். உங்க வயசுல அங்கேர்ந்து திரும்பி வர்றவங்க கொஞ்சம் பேருதான். முதுகுல மெல்லிசா ஒரு குழாய் வைக்கிறேன், மருந்து சொட்டிக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கம் மரத்துப்போயிடும். நீங்க நிம்மதியா இருமலாம். சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“வலிக்குப் பயமா? எனக்கா?” கலஃபல்லா கண்ணை மட்டும் எட்டாம் கட்டில் பக்கம் திருப்பினார். “வலி இருக்கிறவங்களுக்குக் குடுங்க டாக்டரம்மா. பக்கத்துல விடிய விடியப் பல்லக் கடிக்கிற சத்தம் கேட்டுச்சு.”

எட்டாம் கட்டிலிலிருந்து பதில் வந்தது. ரஷ்வானுக்குச் சிறுநீரகத்தைத் திறந்து கல் எடுத்து நான்கு நாள். “டாக்டரம்மா, அது பல்லக் கடிச்ச சத்தமில்ல, தர்பூசணி வெத கொறிச்ச சத்தம்னு சொல்லுங்க. நமக்கும் பூஜ்யந்தான். சொல்லப்போனா பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழ.”

“கேட்டீங்களா?” என்றார் கலஃபல்லா மூச்சுப் போதாமல். “அதுக்கும்... கீழன்னு எனக்கும் எழுதுங்க.”

திரையை இழுத்து மூடிப் பார்த்தாள். அந்தத் திரை, எதிர்ப்பக்கம் நிற்பவரின் சட்டைப்பொத்தானை எண்ணக்கூடிய அளவுக்கு மெல்லியது. போர்வைக்குள் விரலால் காட்டுங்கள், ஒருத்தருக்கும் தெரியாது என்றாள். அவர் நெடுநேரம் யோசித்தார். போர்வைக்குள் கையைவிட்டு அவள் தொட்டுப் பார்த்தபோது இறுக மூடிய முஷ்டி இருந்தது.

“ஒருத்தருக்கும் தெரியாதுங்கிறீங்க. எனக்குத் தெரிஞ்சுபோயிடுமே” என்றார்.

அவர் மனைவி ஹாஜா ஸத்தீத்தா கால்மாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். “வீணா மெனக்கெடாதீங்கம்மா. எங்க மூத்தவ கல்யாணத்துல இவரு ஷூவுக்குள்ள தேளு பூந்துடுச்சு. ஊர்வலம் அந்த வீட்டு வாசல் வழியாப் போவுது. அவங்க நின்னு வேடிக்க பாக்குறாங்க. ஒரு மொகச்சுளிப்பு கெடையாது, ரெண்டு கிலோமீட்டர் சிரிச்சுக்கிட்டே நடந்தாரு. வீட்டுக்கு வந்து கழட்டிப் பாத்தா தேளு செத்துக் கெடக்கு. பாவம், எத்தன தடவ கொட்டுச்சோ.” பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் உரித்த ஆரஞ்சை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மடியில் ஏற்கெனவே ஒன்பது உரித்த ஆரஞ்சுகள் கிடந்தன.

வராந்தாவுக்கு வந்து மாஜிதா சுவரில் சாய்ந்தாள். காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறாள். பாதம் செருப்பைவிடப் பெரிதாகியிருந்தது.

“அவரு சம்மதிக்காம நான் ஊசியத் தொட முடியாது. என்ன பண்றது பிஷாரா?”

“ஒரே வழிதான் இருக்கு. பஞ்சாயத்து.”

“என்னது?”

“ஷேக் நுஅமானக் கூப்புடுவோம். ரெண்டு வீட்டையும் உக்கார வெச்சு, வலி இவ்வளவுன்னு பேசி முடிச்சுடுவாரு. அவரு தீர்ப்புச் சொல்லிட்டா அது ஏழாம் கட்டில் வலியில்ல, ஊரு வலி. சொல்றதுல மானக்கேடு இல்ல.”

“நரம்ப மரக்க வைக்கத்தான் நான் நாலு வருசம் தனியா படிச்சேன்.”

“இதுவும் அதான் டாக்டரம்மா. வேற நரம்பு.”

பதில் சொல்லத் தெம்பில்லாததால் அவள் சம்மதித்துவிட்டாள். மனிதர்கள் எடுக்கும் நல்ல முடிவுகளில் பாதி இப்படி எடுக்கப்படுபவைதான்.

ஷேக் நுஅமானுக்கு எண்பத்தைந்து வயது. நதியின் இரு கரையிலும் அவர் தீர்க்காத வழக்கில்லை. ஒரு ஆளுக்கும் அவனுடைய சொந்த நிழலுக்கும் இருந்த தகராறைக்கூடப் பேசி முடித்தார். நிழல் ஒத்துக்கொண்டதற்கு நான்கு சாட்சிகள் இருக்கிறார்கள். பத்து மணிக்கு இயன்முறை மருத்துவ அறையில் சபை கூடியது. கனாயிம் பத்துப் பேர், ஸவால்மா பத்துப் பேர், நடுவே ஷேக், பக்கத்தில் நிபுணர் சாட்சியாக மாஜிதா. தேநீர் வந்தது. குடித்து முடிக்குமுன் அடுத்தது வந்தது.

“மொதல்ல இந்தக் கணக்கு என்னன்னு சொல்லும்மா” என்றார் ஷேக். “பூஜ்யம்னா?”

“வலியே இல்லன்னு அர்த்தம்.”

“பத்துன்னா?”

“நெனச்சுப் பாக்க முடிஞ்சதுலயே பெரிய வலி.”

“யாரு நெனச்சு?”

பதினொரு வருடத்தில் யாரும் அவளை இதைக் கேட்டதில்லை. “நோயாளி நெனச்சு” என்றாள்.

சொல்லியிருக்கக் கூடாது. கலஃபல்லாவின் தங்கை மகன் தாஹி எழுந்து நின்றான். “அப்ப எங்க மாமாவோட பத்து வேற, அவங்களோட பத்து வேற. எங்க மாமா நெனப்பு பெருசு.”

“எங்கப்பாவுக்கு எடுத்த கல்லு புறாமுட்ட பருமன் தெரியுமா?” என்றான் ரஷ்வானின் மகன்.

“கல்லு தானா வளருது. அதுக்குத் திறமை என்ன வேணும்? எங்க மாமா ஓடுற வண்டியிலேர்ந்து விழுந்தவரு.”

“வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுலேர்ந்து விழத்தான் திறமை வேணும்.”

இருபது பேரும் எழுந்து, இருபது பேரும் உட்கார்ந்தார்கள். இப்படி மூன்று முறை. ஐந்தாம் கோப்பை தேநீர் வந்தபோது மாஜிதாவின் தொலைபேசி அடித்தது. வார்டிலிருந்து பிஷாரா. “எம்பத்தேழு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஷேக், இன்னும் ஒரு மணி நேரம் இவங்க பேசினாங்கன்னா, சமாதானம் பண்ணிவைக்க உங்களுக்கு ஒரு கட்சிதான் மிஞ்சும்.”

ஷேக் கண்ணை மூடித் திறந்தார். “ஆறு” என்றார்.

“ஏன் ஆறு?” என்றான் தாஹி.

“அஞ்சுன்னா பாதி. பாதி வலிக்குதுன்னு சொல்றவன் ஒரு முடிவுக்கு வராதவன். ஏழுன்னா கெஞ்சுற மாதிரி இருக்கும். ஆறுல மானமும் நிக்குது, மருந்தும் கெடைக்குது. நாலுக்கு மேலதானம்மா மருந்து?”

“ஆமா.”

“ரெண்டு பேருக்கும் ஆறு. டாக்டரம்மா மூணு எண்ணுவாங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லணும். ஒருத்தன விட்டு ஒருத்தன் தனியா மேல போகக் கூடாது. போனவன் ஒரு எருமக் கன்னுக்குட்டிய, பட்டப்பகல்ல, ஊரு பாக்க, அடுத்தவன் வாசல்ல கொண்டுபோய்க் கட்டணும்.”

எழுதினார்கள். தாளைக் கட்டிலுக்கே கொண்டுபோய் இரண்டு பெரியவர்களிடமும் பெருவிரல் வாங்கினார்கள். மாஜிதா கையெழுத்துப் போட்டாள். பிஷாரா அதற்கு மருத்துவமனை முத்திரை குத்தி, இரண்டு பேர் கோப்பிலும் இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் நடுவில் வைத்துத் தைத்தான்.

நண்பகலில் வார்டு முழுவதும் கட்டில்களில் எழுந்து உட்கார்ந்திருந்தது. எழ முடியாதவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மாஜிதா இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்று, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றாள்.

“ஆறு!”

ஒரே குரல். யாரோ ஒரு பெண் வாசலில் நின்று குலவையிட்டாள். மூன்று நாளாகக் கல்லாக இருந்த கலஃபல்லாவின் முகம், தனக்கு வலிக்கிறது என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டதாலேயே பாதி தளர்ந்துபோனது. ஸத்தீத்தா ஆரஞ்சுகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

மாஜிதா நேரத்தை வீணாக்கவில்லை. அவரைப் பக்கவாட்டில் சாய்த்து, ஸ்கேன் திரையில் முதுகெலும்பின் ஓரத்தைப் பார்த்து, ஊசி வழியாகத் தலைமுடி கனத்தில் ஒரு குழாயை உள்ளே விட்டு, மருந்துக் கருவியை மாட்டினாள். ஒப்பந்தப்படி ரஷ்வானுக்கும் அதே. அரைமணி கழித்துக் கலஃபல்லா இருமினார். மூன்று நாள் சேர்த்துவைத்த இருமல். மருத்துவமனைக் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்து நதியைக் கடந்து போய்விட்டன. அக்கரைக்காரர்கள் அவற்றை இன்னும் திருப்பித் தரவில்லை. ஆக்சிஜன் தொண்ணூற்று நாலு. அன்று மாலை மாஜிதா தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டே நான்கு நிமிடம் தூங்கினாள். நான்காவது சக்கரம் அவளை மெதுவாக எலும்பு வார்டுவரை கொண்டுபோய் விட்டிருந்தது.

செவ்வாயும் அப்படியே போனது. காலை, மதியம், மாலை மூன்று வேளையும் அவள் எண்ணுவாள். இரண்டு பேரும் “ஆறு” என்பார்கள். இருவர் மீசையும் காய்ந்திருந்தது, இருவரும் வாத்துச் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். உண்மை எண் இரண்டுக்கு மேல் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆறு என்றே எழுதினாள். பெரியவர்கள் வாய் திறந்துவிட்டதால் வார்டே திறந்துகொண்டது. மரியாதைக்காக ஒருவரும் ஆறைத் தொடவில்லை; எல்லோரும் ஐந்து என்றார்கள். எல்லோருக்கும் மருந்து கிடைத்தது. வேலை நான்கு மடங்கானது, ஆள் அதே இரண்டு.

புதன்கிழமை பிற்பகல் நான்கு அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு அவள் வார்டுக்கு வந்தாள். மூன்று எண்ணினாள்.

“ஆறு!” என்றார் ரஷ்வான்.

“...ஆறு” என்றார் கலஃபல்லா, அரைநொடி பிந்தி.

மாஜிதா நிமிர்ந்து பார்த்தாள். மீசையில் வியர்வை. மூச்சு மறுபடி மூக்குநுனியில். கருவி தொண்ணூறு காட்டியது. முதுகுப்பக்கம் கையை விட்டாள், ஈரம். மதியம் அவரைச் சாப்பிட உட்காரவைக்க எட்டு உறவினர்கள் உதவியிருக்கிறார்கள். ஏழு பேர் உதவியிருந்தால் போதும். எட்டாவது ஆளின் உதவியில் குழாய் வெளியே வந்துவிட்டது. மருந்து நான்கு மணி நேரமாகச் சொட்டுச் சொட்டாக மெத்தைக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வார்டிலேயே துளியும் வலியில்லாதது அந்த மெத்தைதான்.

“குழாய் கழண்டுடுச்சு ஹாஜி. மறுபடி வைக்கணும். கொஞ்சம் திரும்புங்க.”

“வேணாம்.”

“வலிக்குதுல்ல?”

“ஆறு வலிக்குது. ஆறுக்கு ஒரு ஊசி போட்டாச்சு. இன்னொன்னு போட்டா... ஏழோ எட்டோன்னு அர்த்தம். கலஃபல்லா பேச்சு மீறிட்டான்னு ஆகும்.”

“கன்னுக்குட்டிக்காகவா? அத நான் வாங்கிக் கட்டுறேன்.”

“கன்னுக்குட்டி எங்கிட்ட... பத்து நிக்குது டாக்டரம்மா. அது இல்ல.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “மூணாம் மனுசங்க முன்னால பெருவிரல் வெச்சிருக்கேன்.”

ஷேக் நுஅமான் காலையிலேயே படகேறி அக்கரைக்கு ஒரு தகராறு தீர்க்கப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைதான் வருவார். அவர் தொலைபேசி வைத்துக்கொள்வதில்லை. தன்னைத் தேடி வருகிறவன் நடந்து வரும் தூரத்தில் பாதிக் கோபம் இறங்கிவிடும் என்பது அவர் கொள்கை. வெள்ளிவரை இந்த மூச்சு தாங்காது என்பது மாஜிதாவுக்குத் தெரிந்திருந்தது. ஸத்தீத்தாவுக்கும் தெரிந்திருந்தது. அவள் ஆரஞ்சு உரிக்கவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு கணவனின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்திருந்தாள்.

மாஜிதா இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பதினொரு வருடத்தில் நோயாளிகள் முன்னால் அவள் உட்கார்ந்ததில்லை. செருப்பைக் கழற்றினாள்.

“என்ன ஆச்சும்மா?” என்றாள் ஸத்தீத்தா.

“ஒண்ணுமில்ல. கால் வலி.”

“எத்தன?” என்றான் பிஷாரா. பழக்கதோஷம்.

“ஒம்போது” என்றாள் மாஜிதா. அவளுக்கு எதிர் வீடு இல்லை.

வார்டில் தலைகள் திரும்பின. ஒருத்தி, படித்தவள், எல்லோர் முன்னாலும் ஒன்பது என்று சொல்லியிருக்கிறாள். கூரை அப்படியேதான் இருந்தது.

எட்டாம் கட்டிலில் விதை கொறிக்கும் சத்தம் நின்றிருந்தது. ரஷ்வான் தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். வாய்க்காலுக்கு அப்பால் கலஃபல்லாவின் தண்ணீர் இயந்திரம் ஓடுவதை முப்பத்தொரு வருடமாகக் கேட்டுப் பழகிய காது அது. எப்போது சீராக ஓடுகிறது, எப்போது திணறுகிறது, எப்போது நிற்கப்போகிறது என்று சொந்தக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில் மூச்சை அவர் கொஞ்சநேரம் அப்படிக் கேட்டார்.

“டாக்டரம்மா” என்றார் உரக்க. “எனக்கு ஒம்போது.”

“அப்பா!” என்று மகன் துள்ளி எழுந்தான். “கன்னுக்குட்டி!”

“வாய மூடு. வலி எனக்கா, உனக்கா?”

மாஜிதா திரும்பிப் பார்த்தாள். நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. முதுகுக் குழாய் வைத்த இடத்தில் வைத்தபடி. தாடியில் ஒரு விதைத்தொலி. ஒன்று, மிஞ்சிப்போனால் ஒன்றரை. ரஷ்வான் மேலே மின்விசிறியைத் தானே வாங்கி மாட்டியதுபோல அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஹி மாமாவின் காதருகே குனிந்தான். அவன் ரகசியம் பேசினால் நதியில் போகும் படகு நின்று கேட்கும். “மாமா, அசையாதீங்க. அவரு தனியா மேல போயிட்டாரு. நீங்க ஆறுலயே நில்லுங்க. கன்னுக்குட்டி நமக்கு. பட்டப்பகல்ல, ஊரு பாக்க!”

கலஃபல்லா தலையைத் திருப்பினார். அதற்கே மூன்று மூச்சு வேண்டியிருந்தது. ரஷ்வானை, வாய்க்கால் வரப்பு நடுவில் இல்லாமல், கையெட்டும் தூரத்தில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“டாக்டரம்மா... அவருக்கு ஒம்போதா?”

“அப்படித்தான் சொல்றாரு.”

“நெசமாவா?”

“வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா அது வலிதான் ஹாஜி. நான் அப்படித்தான் எழுதணும்.”

“அப்ப எழுதுங்க.” கண்ணை மூடிக்கொண்டார். “எனக்கும்... ஒம்போது.”

கைக்கு வந்த கன்றுக்குட்டி போனதில் தாஹி தலையிலடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். மாஜிதா செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு போய்க் கை கழுவி, உறை மாட்டி, ஸ்கேனை இழுத்துவந்து, இரண்டாம் முறையாக அந்த முதுகில் குழாயை வைத்தாள். இந்தத் தடவை பிளாஸ்திரி, ஒரு கட்டுமரத்தைக் கட்டும் அளவுக்கு ஒட்டினாள். இருபது நிமிடத்தில் அவர் நெற்றி காய்ந்தது. இருபத்தைந்தாம் நிமிடம் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். அது எங்கே போய் முடிகிறது என்று அவருக்கே வியப்பாக இருந்தது போலும், இன்னொன்று இழுத்துப் பார்த்தார். பிறகு இருமத் தொடங்கினார். ஸத்தீத்தா கிண்ணத்தைப் பிடித்தாள்.

பிஷாரா மாஜிதாவின் பக்கத்தில் வந்தான். “எட்டாம் கட்டில் என்ன பண்றது? அவருக்கும் ஒம்போதுன்னு எழுதியாச்சு. ஒண்ணும் பண்ணாம விட்டா ரெண்டு வீட்டுக்காரங்களும் ஏன்னு கேப்பாங்க.”

அதுவும் சரிதான். அவள் தள்ளுவண்டியை எட்டாம் கட்டிலுக்குத் தள்ளினாள். திரையை மூடினாள், அதன்மேல் பிஷாரா ஒரு போர்வையையும் தொங்கவிட்டான். உள்ளே கட்டில், ரஷ்வான், ஒரு நாற்காலி.

“திரும்புங்க ஹாஜி” என்றாள். “சும்மா பஞ்சால தொடச்சு விடுறேன்.”

ரஷ்வான் திரும்பவில்லை. அவளுடைய பாதங்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கண்ணால் காட்டி மெல்லிய குரலில், “நீங்க உக்காருங்க. கத்துறத நான் பாத்துக்கிறேன்” என்றார்.

அவள் உட்கார்ந்தாள். காலைக் கட்டிலின் கீழ்க்கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கம்பி சில்லென்றிருந்தது.

“ஐயோ! யா ரப்பி!” என்று ரஷ்வான் ஒரு கூச்சல் போட்டார். நல்ல கூச்சல். வார்டில் யாரோ ‘த்சொ’ என்றார்கள்.

அந்தப் பக்கம் இருமல் நின்றது. “டாக்டரம்மா” என்று கலஃபல்லாவின் குரல் கேட்டது, அன்று பிற்பகலில் முதல் முறையாக ஒரே மூச்சில். “பாத்துக் குத்துங்கம்மா அந்த ரஷ்வான. வயசான மனுசன்.”

ரஷ்வான் அவரைவிட இரண்டு வயது இளையவர். வாயைத் திறந்தவர், ஏனோ மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் இருமல் மறுபடி ஆரம்பித்து, ஒழுங்காக ஓடத் தொடங்கியதும்தான் அவள் பக்கம் சாய்ந்தார்.

“போதுமா டாக்டரம்மா? இல்ல, இன்னும் ஒண்ணு கத்தட்டுமா?”

மாஜிதா கண்ணைத் திறக்கவில்லை. “இன்னும் அஞ்சு நிமிசத்துக்குக் கத்துங்க” என்றாள்.